புதன்கிழமைக்கு மட்டும் மணியும் வேண்டும்

கேள்வி: ஐயா, ரங்கூனில் பிறந்த கிழமை அட்டை அச்சடிக்கும் கடையில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்களின் பிறந்த தேதி மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது. தேதிக்குக் கிழமை எண் தரும் 'வீக்டே' போட்டுக் கிழமை எடுத்தால் திங்களில் பிறந்தவர் ஞாயிறாக வருகிறார். போன வாரம் ஓர் அம்மா, "நான் ராகு, யானைக்கு ஏன் தந்தம் போட்டாய்?" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தப்பு?

பதில்: தம்பி, முதல் தப்பு எண்ணில். 'வீக்டே' திங்களை 0 என்று தொடங்கி ஞாயிற்றை 6 என்று முடிக்கும். நீங்கள் 0 என்றால் ஞாயிறு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். 'டேஆஃப்வீக்' போட்டால் ஞாயிறு 1, சனி 7. எதை எடுத்தாலும் தெரிந்த ஒரு நாளைக் கொடுத்துச் சரிபாருங்கள். பர்மா சுதந்திரம் பெற்ற 1948 ஜனவரி 4 ஞாயிற்றுக்கிழமை. முதலாவது 6 என்றும் இரண்டாவது 1 என்றும் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா சொன்னதுதான் நியாயம். பர்மியக் கணக்கில் கிழமை எட்டு. புதன் காலைக்குத் தந்தமுள்ள யானை, புத்தர் கோயிலில் தெற்கு மூலை. நண்பகல் தாண்டினால் ராகு, தந்தமில்லாத யானை, வடமேற்கு. நம் வீடுகளில் புதன் 12 முதல் 1.30 வரை ராகு காலம் பார்க்கிறோமே, அதோடு இதைக் குழப்பாதீர்கள். நான் பிறந்தது புதன் பகல் 12.45. அப்பா அதை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளை நம்பித்தான் பாட்டி என்னை ஷ்வேடகோன் கோயிலில் வடமேற்கு மூலைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் ஊற்றவைத்தார்.

தேதியை வைத்து மட்டும் எந்த வினவலாலும் ராகுவைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத் தேதிப் பத்தியையே தேதியும் மணியும் சேர்ந்த 'டேட்டைம்' ஆக்கிவிடாதீர்கள். மணி தெரியாத அத்தனை பேருக்கும் அது 00:00:00 என்று தானே நிரப்பிக்கொள்ளும், அவர்களில் புதனில் பிறந்தவர்கள் எல்லாரும் புதன் காலை ஆகிவிடுவார்கள். தப்பு வெளியே தெரியவே தெரியாது. பிறந்த மணிக்குத் தனிப் பத்தி வையுங்கள், தெரியாவிட்டால் காலியாகவே இருக்கட்டும். பிறகு புதன்காரர்களில் மணி காலியாக உள்ளவர்களை மட்டும் எடுத்து, ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வயதானவர்களிடம் மணி கேட்க வேண்டாம். "புதனா, ராகுவா?" என்றாலே போதும், உடனே சொல்வார்கள்.

அந்த அம்மாவுக்குத் தந்தமில்லாத யானை போட்ட புது அட்டையை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.