குடையனோடு பப்புகளுக்கு: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வெளியான துணிக் காகத்தின் படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். அவன் பெயர் குடையன். அப்பா தபால்காரராக இருந்தபோது பிடித்துக்கொண்டு போன கறுப்புக் குடை கிழிந்ததும், அந்தத் துணியில் மன்னார்குடியில் என் அக்கா தைத்துக் கொடுத்த காகம் அது. ஒரு சாண் உயரம். கண்களுக்குச் சட்டைப் பித்தான், கால்களுக்கு முறுக்கிய நூல். அக்கா விமானம் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தனக்குப் பதிலாக அவனை அனுப்பினார். டார்பியில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், இங்கிலாந்தின் பழைய பப்புகளுக்கு அவனைக் கூட்டிப்போய்ப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பி வருகிறேன். இனி உங்கள் கேள்விகள்.

லெஸ்டரில் இருக்கும் மகளிடம் ஜூன் மாதம் போகிறேன். பேரன் தன் துணி யானையைக் குடையன் போன இடங்களுக்கெல்லாம் கூட்டிப்போக வேண்டும் என்கிறான். நாங்கள் குடிக்காத குடும்பம். பப் என்றால் மதுக்கடைதானே அக்கா? புடவை கட்டிக்கொண்டு உள்ளே போகலாமா?
*வாசகி, கும்பகோணம்*

தாராளமாகப் போகலாம். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். ஊருக்குப் பொதுவான வீடு என்று பொருள். நம் ஊர் மதுக்கடையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் வாசலிலேயே திகைத்து நிற்பீர்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு, கணப்பு அருகே ஒரு பாட்டி தேநீரை வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருப்பார். அவர் காலடியில் நாய் தூங்கும். 2007 ஜூலையிலிருந்து உள்ளே புகைபிடிக்கத் தடை இருப்பதால் அந்த நெடியும் கிடையாது. பெரியவர்களோடு வரும் பிள்ளைகளைப் பெரும்பாலான இடங்களில் விடுவார்கள். இரவில் இத்தனை மணிக்கு மேல் வேண்டாம் என்று சில இடங்களில் எழுதிப் போட்டிருப்பார்கள். மதிய நேரமே உங்களுக்கு நல்லது.

மேசையில் உட்கார்ந்து, யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கொடுத்து, பானத்தைக் கையோடு எடுத்து வர வேண்டும். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்குப் பிறகு யார் என்பது நிற்பவர்களுக்கும் தெரியும், ஊற்றிக் கொடுப்பவருக்கும் தெரியும். முந்திக்கொண்டு கையை ஆட்டினால் முகம் சுளிப்பார்கள். எலுமிச்சைச் சாறு கலந்த சோடா எங்கும் கிடைக்கும். சைவம் என்றால் பாலாடைக்கட்டி, ரொட்டி, ஊறுகாய் வைத்த தட்டு ஒன்று உண்டு, வயிறு நிறையும். சிப்ஸை மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள், சில இடங்களில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள்.

குடிக்காவிட்டாலும் கவுண்டரில் நிற்கும் நீளமான கைப்பிடிகளைப் பாருங்கள். நிலவறைப் பீப்பாயில் இருக்கும் பியரைக் கையாலேயே மேலே இழுக்கும் பம்பு அது. இழுப்பவரின் முன்னங்கை இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகும். இரண்டு மூன்று இழுப்பில் கோப்பை நிறையும். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. இந்தப் பீப்பாய் பியர் அழிந்துபோய்விடுமோ என்று பயந்து 1971இல் நான்கு இளைஞர்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். கேம்ரா என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. பழைய பப்புகளுக்காகவும் அவர்கள் போராடுகிறார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

பேரனுக்கு ஒரு வேலை கொடுங்கள். வாசல் பலகைகளில் இருக்கும் மிருகங்களை எண்ணச் சொல்லுங்கள். பப் நடத்துபவர் அடையாளப் பலகை மாட்டியாக வேண்டும் என்று 1393இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் உத்தரவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த காலம். ஆகவே படம்தான் பெயர். வெள்ளை மான் அந்த மன்னரின் சின்னம், அது இன்றும் எத்தனையோ பப் வாசல்களில் தொங்குகிறது. யானைக்கும் இடம் உண்டு: லண்டனில் 'எலிஃபன்ட் அண்ட் காசில்' என்று ஒரு வட்டாரமே இருக்கிறது. அங்கிருந்த பழைய சத்திரம் ஒன்றின் பெயர்தான் ஊருக்கு ஒட்டிக்கொண்டது.

இங்கிலாந்தின் மிகப் பழைய பப் எது?
*கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

இந்தக் கேள்வியை நாட்டிங்ஹாமில் கேட்டால் அந்த ஓர் ஊருக்குள்ளேயே மூன்று பப்புகள் 'நான்தான்' என்று முன்னால் வரும். அவற்றில் 'யி ஓல்ட் டிரிப் டு ஜெருசலேம்' கோட்டைப் பாறையின் அடிவாரத்தில் இருக்கிறது. சுவரில் 1189 என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். அது முதலாம் ரிச்சர்ட் முடிசூடிய ஆண்டு. சிலுவைப் போருக்குக் கிளம்பியவர்கள் இங்கே தங்கிப் போனார்கள் என்பது கதை. இப்போது நிற்கும் கட்டடம் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. செயின்ட் ஆல்பன்ஸில் 'ஃபைட்டிங் காக்ஸ்' என்று இன்னொன்று, எட்டுப் பக்கக் கட்டடம், ஒரு காலத்தில் புறாக்கூண்டு. அதுவும் முதலிடம் கேட்கும். நிரூபிக்க முடியாத விஷயம் என்று கின்னஸ் சாதனைப் புத்தகக்காரர்கள் அந்தப் பிரிவையே விட்டுவிட்டார்கள்.

ஆனால் ஆண்டை வைத்து ஜெருசலேமை ஒதுக்கிவிடாதீர்கள். பின்னறைகள் மணற்பாறைக்குள் குடைந்த குகைகள். சுவரில் கை வைத்தால் மணல் விரலில் ஒட்டும். குடையனைப் பாறைப் பொந்து ஒன்றில் உட்கார வைத்தேன்; எடுக்கும்போது அவன் முதுகில் மஞ்சள் பொடி. அதை நான் தட்டவில்லை, அப்படியே அக்காவுக்குப் படமெடுத்தேன். மாடியில் ஒரு பொம்மைக் கப்பல் தூசு படிந்து கறுத்துக் கிடக்கிறது. அதைத் துடைத்தவர்கள் இறந்துபோனார்கள் என்று சொல்லி, யாரும் தொடாமல் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். சுவரில் ஒரு காளைக் கொம்பு. கயிற்றில் தொங்கும் வளையத்தை வீசி அதில் மாட்ட வேண்டும். பேரப்பிள்ளைகள் இருந்தால் அங்கிருந்து கிளப்புவது கடினம்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைக் கொண்டுபோகலாமா?
*வாசகி, தஞ்சாவூர்*

ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம். பைக்குள் போட்டு எடுத்து, ஈரச் சன்னல் விளிம்பில் வைத்து, பேருந்தில் மடியில் வைத்து என்று பகல் முழுக்க அலையும். மண் தாங்காது. துணியே சிறந்தது, அதிலும் குடைத்துணியில் பியர் சிந்தினால்கூடத் துடைத்துவிடலாம்.

பொம்மையை வைத்துப் படமெடுத்தால் அங்கிருப்பவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?
*வாசகர், கோயம்புத்தூர்*

கேட்டுவிட்டு எடுத்தால் யாரும் கோபிப்பதில்லை. முதலில் ஏதாவது வாங்குங்கள், பிறகு கேளுங்கள். மற்றவர் மேசையில் பொம்மையை வைக்காதீர்கள். மற்றவர் முகம் படத்தில் விழக் கூடாது.

இதை ஒரு தவற்றில் கற்றுக்கொண்டேன். ஒரு சிற்றூர்ப் பப்பில், பெயர் வேண்டாம், குடையனைக் கவுண்டர் ஓரத்தில் வைத்துப் படமெடுத்தபோது பின்னால் நின்றவரும் படத்தில் விழுந்துவிட்டார். குரல் உயர்ந்தது. அவர் கோபம் நியாயமானது. அவர் கண்முன்னேயே படத்தை அழித்தேன். சிறிது நேரம் கழித்து அவரே வந்து, "இந்தப் பறவை எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். அப்பாவின் குடையைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னைச் சுவர் அருகே கூட்டிப்போய், மங்கிப்போன கிரிக்கெட் குழுப் படம் ஒன்றில் இரண்டாம் வரிசையில் நிற்பவரைத் தொட்டுக் காட்டினார். அவருடைய அப்பா. அந்தப் படத்துக்குக் கீழே குடையனை வைத்து எடுக்கச் சொன்னதும் அவர்தான்.

குடையனுக்கு ரொம்பப் பிடித்த பப் எது, பாட்டி?
*எட்டாம் வகுப்பு மாணவி, சிவகாசி*

தங்கமே, அங்கே இன்னொரு பறவை இருக்கிறது. லண்டனில் ஃப்ளீட் தெருவிலிருந்து ஒரு சந்து பிரியும். அதற்குள் 'யி ஓல்ட் செஷயர் சீஸ்'. 1666இல் லண்டனை அழித்த பெரும் தீயில் எரிந்து, மறு ஆண்டே திரும்பக் கட்டியது. உள்ளே வெளிச்சம் குறைவு, கண் பழகக் கொஞ்ச நேரமாகும். அங்கே பாலி என்று ஒரு சாம்பல் நிறக் கிளி இருந்தது. 1918இல் முதல் உலகப் போர் முடிந்த இரவு, பாட்டில் தக்கை திறக்கும் சத்தத்தை அது நானூறு தடவை எழுப்பி மயங்கி விழுந்தது என்று சொல்வார்கள். 1926இல் அது இறந்தபோது உலகெங்கும் செய்தித்தாள்களில் இரங்கல் செய்தி வந்தது. பாடம் செய்து அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

படம் எங்கே என்று கேட்பாய். அந்தப் பப்பை நடத்தும் சாமுவேல் ஸ்மித் நிறுவனம் தன் பப்புகளில் கைபேசி வேண்டாம் என்று 2019இல் சொல்லிவிட்டது. அதனால் பென்சிலால் வரைந்தேன். பாலியின் அலகு எப்படி வளைகிறது, குடையனின் அலகில் அக்கா எத்தனை தையல் போட்டிருக்கிறார் என்பதெல்லாம் அன்றுதான் பார்த்தேன். பதினொரு தையல். நீயும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்.

தவறாக நினைக்க வேண்டாம். இந்த வயதில் ஒரு துணிப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஏன் அலைய வேண்டும்? கட்டடத்தை மட்டும் பார்த்தால் போதாதா?
*ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை*

ஐயா, ஒரு பப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்டாஃபர்ட்ஷயரில் ஹிம்லி என்ற ஊருக்கு அருகே 'குரூக்கட் ஹவுஸ்' இருந்தது. 1765இல் பண்ணைவீடாகக் கட்டியது. அடியில் நிலக்கரி வெட்டியதால் மண் அமிழ்ந்து, ஒரு பக்கம் சுமார் நான்கு அடி தாழ்ந்துவிட்டது. கதவும் சன்னலும் சாய்ந்தபடி, ஆனால் பியர் ஊற்றிக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு மனிதர்கள். மேசையில் கோலிக்குண்டை விட்டால் மேட்டை நோக்கி உருளுவதுபோல் தெரியும்.

2019 மார்ச்சில் போனேன். கட்டடத்தை மட்டும் பார்க்கப் போயிருந்தால் பத்து நிமிடத்தில் திரும்பியிருப்பேன். குடையனை நேராக உட்கார வைக்க வேண்டியிருந்ததால் ஒரு மணி நேரம் ஆனது. எங்கே வைத்தாலும் சரிந்தான். அவனுக்காகக் குனிந்தபோதுதான் பலகைத் தரையின் தேய்மானத்தைப் பார்த்தேன்: தாழ்ந்த பக்கத்தில் மட்டும் பலகை குழிந்து வழவழவென்று இருந்தது. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் அந்தக் காலில்தான் பாரத்தைப் போட்டு நின்றிருக்கிறார்கள். அங்கே வந்திருந்த ஒரு சிறுவன் தன் கோலிக்குண்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

2023 ஆகஸ்ட் 5ஆம் தேதி இரவு அந்த வீடு எரிந்தது. இரண்டு நாள் கழித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். செய்தியைப் பார்த்துவிட்டு அன்று நான் சமைக்கவில்லை. முன்பிருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் வட்டார மன்றம் உத்தரவிட்டது. கட்டினால் போவேன்.

என்னிடம் இருக்கும் படத்தில் குடையன் நேராக உட்கார்ந்திருக்கிறான், பின்னால் சன்னல் சாய்ந்திருக்கிறது. அந்தச் சிறுவனின் கோலிக்குண்டை அக்கா கேட்டு வாங்கி, குடையன் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிட்டார். தூக்கினால் உள்ளே அது அசைவது கையில் தெரியும்.