அப்பா வீடு கட்டிவிட்டார், எனக்கு வான்பௌதிகம் படிக்க ஆசை

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் விசேட பட்டத்தின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றி வெளிநாட்டில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய ஆசை. அப்பா எனக்கென்று வீடு கட்டி முடித்துவிட்டார், மாப்பிள்ளையும் பார்க்கிறார்கள். எப்படிச் சொல்வது?
வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, நம்முடைய பக்கத்தில் மகளுக்கு ஒரு வீடு கட்டி முடிக்க ஒரு தகப்பன் எத்தனை வருடம் உழைக்கிறார் என்று உங்களுக்கே தெரியும், அதனால் கோபத்தில் "வீடும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கணக்காகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்கு ஐந்தாறு வருடம் போகும். முதுமாணி இல்லாமலே விண்ணப்பிக்கலாம், இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொண்டு, கற்பிக்க உதவுவதற்கோ ஆய்வுக்கோ மாதக் கொடுப்பனவும் தரும். காணி விற்கத் தேவையில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். அடுத்ததையும் மறைக்க வேண்டாம்: பட்டம் எடுத்ததும் நிரந்தர வேலை வந்துவிடாது, இரண்டு மூன்று வருட ஒப்பந்தங்களில் நாடு மாறி நாடு போக வேண்டியிருக்கும்.

விண்மீன்களை ஆராய்ந்து நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகரை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், எனக்கு அவர் மனைவி லலிதாதான் நினைவுக்கு வருவார். சென்னையில் அவரும் அதே கல்லூரியில் பௌதிகம் படித்தவர். சந்திரசேகர் 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போனார், 1936இல் கல்யாணம், அப்புறம் லலிதா ஆய்வைத் தொடரவில்லை. இன்று அப்படி நடக்கத் தேவையில்லை, ஆனால் பேச்சு தொடங்கும்போதே மாப்பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள்: நான் போகிற இடத்துக்கு வருவீர்களா, இல்லாவிட்டால் பிரிந்திருக்கச் சம்மதமா? "அதைப் பிறகு பார்ப்போம்" என்பவரை நான் நம்பமாட்டேன்.

இதற்கிடையில் வேலையைத் தொடங்கிவிடுங்கள். நாசா 2018இல் ஏவிய டெஸ் (TESS) விண்கலம், விண்மீன்களின் ஒளி எப்படி மாறுகிறது என்று வானத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஏறக்குறைய 27 நாள் பார்த்து எடுத்த தரவு இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. ஒரு மடிகணினியும் பைத்தன் என்ற கணினி நிரல்மொழியும் இருந்தால் போதும், ஒன்றையொன்று மறைக்கிற இரட்டை விண்மீன் ஒன்றை எடுத்து அதன் சுற்றுக்காலத்தை நீங்களே கணித்துப் பாருங்கள், அதையே இறுதி ஆண்டு ஆய்வாக்கலாமா என்று விரிவுரையாளரிடம் கேளுங்கள். மொரட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது, அங்கேயும் எழுதிக் கேட்கலாம். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்கு நல்ல புள்ளிகளைவிட மதிப்பு அதிகம்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரோடு முடிந்துவிடும், அதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வீட்டை அதுவரை வாடகைக்கு விடலாம் என்பதையும் சொல்லுங்கள்.