ஸ்பெஷல் ஸ்கூலா, சாதாரண ஸ்கூலா? அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டதுக்கு பதில்

கேள்வி: அக்கா, பையனுக்கு வார ஜூன்ல 6 வயசு முடியுது. ஆட்டிசம்னு டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள் பஸ் ஏறி பாளையங்கோட்டைக்கு ஸ்பீச் தெரபிக்கு கூட்டிட்டுப் போறேன். பேச்சு இன்னும் வரல, ஏதாவது வேணும்னா கையைப் பிடிச்சு இழுப்பான். ஆனா நம்பர் அட்டையை 1-ல இருந்து 20 வரை தப்பாம அடுக்குவான். யூகேஜில பெல் அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுதான்னு வேற இடம் பாக்கச் சொல்லிட்டாங்க. மாமியார் "அவன் அப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான், விடு"ங்காங்க. ஸ்பெஷல் ஸ்கூல்ல போடவா, சாதாரண ஸ்கூல்ல போடவா? அடுத்த மாசம் ஊர்ல கோயில் கொடை வேற வருது, கூட்டிட்டுப் போகலாமா?

பதில்: தங்கச்சி, எந்த ஸ்கூல்ங்கிறதுக்கு கீழ வாரேன், அதுக்கு முந்தி ஒரு கணக்கு பாருங்க. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். தெரபி முக்கால் மணி நேரம்னு வச்சா ரெண்டு நாளும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம்தான். மீதி நேரம் பூரா அவனுக்கு அடுத்து என்ன நடக்கப் போகுதுன்னே தெரியாம போகுதுன்னா, எவ்வளவு நல்ல தெரபிஸ்ட் வந்தாலும் பாதிதான் ஒட்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு காதுல கேக்கிறதை விட கண்ணுல பாக்கிறது நல்லா பதியும், நாம "இரு, அப்புறம் போலாம்"னு சொல்லுத வார்த்தை காத்துல போயிரும், படம் அங்கேயே நிக்கும். அமெரிக்காவுல வட கரோலினா பல்கலைக்கழகத்துல எரிக் ஷாப்லர்ங்கிறவர் 1972-ல 'டீச்'னு ஒரு திட்டம் தொடங்கினாரு, அதுக்கு அடிப்படையே இதுதான். பிள்ளை முன்னாடி ஒரு வேலை வச்சா நாலு கேள்விக்கு அவன் கண்ணுக்கே பதில் தெரியணும்: என்ன வேலை, எவ்வளவு, எப்ப முடியும், முடிஞ்சா அடுத்து என்ன.

இதை வீட்டுலயே செய்யலாம், காசு பெருசா ஆகாது. உங்க போன்லயே அவன் பல் தேய்க்கிற இடம், தட்டு, செருப்பு, பஸ், ஸ்கூல் கேட், தெரபி ரூம், அவனுக்குப் பிடிச்ச சாமான், எல்லாம் போட்டோ எடுங்க. நெட்ல இருந்து கார்ட்டூன் எடுக்க வேண்டாம், அவன் தட்டுதான் அவனுக்குத் தட்டு. ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு லேமினேஷன் பண்ணி பின்னால வெல்க்ரோ ஒட்டி ஒரு அட்டையில மேல இருந்து கீழ வரிசையா வைங்க. முதல்ல ரெண்டே படம் போதும், 'இது முடிஞ்சா அது'. ஒண்ணு முடிஞ்சதும் அவன் கையாலயே படத்தை எடுத்து பக்கத்துல ஒரு பழைய டப்பாவுல போடட்டும், அதுதான் முடிஞ்சுதுங்கிறதுக்கு அடையாளம். ரெண்டு பழகினதும் மூணு, நாலுன்னு கூட்டுங்க. உங்க பையன் நம்பர் அடுக்குதான்ல, படத்து ஓரத்துல 1, 2, 3 போட்டுக் கொடுங்க, அவனுக்குப் பிடிச்ச வழியிலயே போவான்.

படம் காட்டிப் பழக்கினா பேச்சு வராமலே போயிரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. படத்தைக் கையில கொடுத்துக் கேக்கப் பழகினது பேச்சைத் தடுக்காது, சில பிள்ளைங்களுக்கு பேச்சு வர உதவியாவும் இருந்திருக்கு. வார்த்தை வரும்வரைக்கும் அவன் தாகத்தைச் சொல்லாம இருக்கணுமா? மாமியாருக்கும் இதைப் பொறுமையா சொல்லுங்க, அவங்க பாசத்துலதான் சொல்லுதாங்க, ஆனா காத்திருந்து பாக்க இது நேரம் இல்ல. அவங்க கையிலயே ரெண்டு படத்தைக் கொடுத்துருங்க, ஆச்சி கேட்டா பிள்ளை ஆசையா எடுத்துத் தருவான்.

பெல் விஷயம். அது அடம் இல்ல. நம்ம காதுக்கு சாதாரணமா இருக்கிற சத்தம் அவனுக்கு வலி மாதிரி இருக்கலாம், ஓடுறது தப்பிக்கிறதுக்கு. நான் பாத்த பிள்ளை ஒருத்தன் தினமும் மத்தியானம் தட்டைத் தள்ளிவிடுவான், திமிருன்னு வீட்டுல அடி வேற, கடைசில பாத்தா சோத்து மேல சொதி ஊத்தினா அந்த ஈரச் சோறு கையில படுறதுதான் அவனுக்கு ஆகல, சொதியைத் தனிக் கிண்ணத்துல வச்சதும் ஒரு சத்தம் இல்லாம சாப்பிட்டான். அதனால எது நடந்தாலும் ஒரு நோட்டுல மூணு விஷயம் எழுதுங்க: அதுக்கு முந்தி என்ன நடந்துச்சு, அவன் என்ன செஞ்சான், அதுக்கப்புறம் அவனுக்கு என்ன கிடைச்சுது. ரெண்டு வாரத்துல காரணம் பிடிபட ஆரம்பிக்கும். ஸ்கூல்ல மணியில இருந்து தள்ளி உக்கார வைக்கச் சொல்லுங்க, மணி அடிக்க ரெண்டு நிமிஷம் முந்தி பெல் படத்தைக் காட்டி வெளிய கூட்டிட்டுப் போகட்டும், காதுல ஹெட்போன் மாதிரி சத்தம் குறைக்கிறது கிடைக்கு, அதையும் வைக்கலாம்.

இப்ப ஸ்கூலுக்கு வாரேன். நீங்க எழுதினதை வச்சுப் பாத்தா நான் சாதாரண ஸ்கூல்ல ஒண்ணாம் வகுப்புலதான் சேக்கச் சொல்லுவேன், ஆனா முதல்ல காலையில ரெண்டு பீரியடு மட்டும், மீதி நேரம் சிறப்பாசிரியர்கிட்ட. உங்க ஒன்றியத்துல வட்டார வள மையம்னு அரசுக் கல்வித்துறை அலுவலகம் இருக்கும், சிறப்பாசிரியருக்கு அங்க போய்க் கேளுங்க. வெறுமனே வகுப்புல உக்கார வச்சிட்டு ஆள் துணை இல்லாம விட்டா அது சேர்த்த மாதிரி இல்ல, அப்படித்தான் நடக்கும்னா நல்ல ஸ்பெஷல் ஸ்கூலே மேல். எந்த ஸ்கூலா இருந்தாலும் போய் ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க. ஒரு பிள்ளை அழுதா டீச்சர் என்ன செய்யுதாங்க, சுவத்துல அன்னைக்கு நடக்கப் போறது படமா இருக்கா, பிள்ளை ஒதுங்கி உக்கார அமைதியான மூலை இருக்கா. உள்ள விட மாட்டோம்னா அந்த இடம் வேண்டாம். சேந்ததும் தனிநபர் கல்வித் திட்டம், அதாவது உங்க பையனுக்குன்னே தனியா போடுற இலக்குகள், எழுதித் தரச் சொல்லுங்க. "நல்லா பேசணும்"னு எழுதினா அது இலக்கு இல்ல, "தண்ணி வேணும்னா அஞ்சு தடவைல நாலு தடவை படத்தை எடுத்துக் கொடுக்கணும்", இப்படி இருக்கணும், அதையே தெரபிஸ்டும் நீங்களும் அதே படத்தோட செய்யணும்.

ஆட்டிசம்னு காரணம் காட்டி இடம் இல்லன்னு சொல்ல ஸ்கூலுக்கு உரிமை இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு, அரசு அங்கீகாரம் வாங்கின ஸ்கூல் பாகுபாடு இல்லாம சேக்கணும், குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு சான்றிதழ் இருந்தா 6-ல இருந்து 18 வயசு வரை இலவசக் கல்வி உரிமையும் உண்டு. யூடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, எடுத்தாச்சான்னு நீங்க எழுதல, எடுக்கலன்னா முதல்ல அதைச் செய்யுங்க, டாக்டர் 'இசா'ங்கிற 40 கேள்வி உள்ள அளவுகோல் வச்சுப் பாப்பாங்க. ஆட்டிசம் உள்ளவங்களும் சேரக்கூடிய மத்திய அரசோட நிராமயா மருத்துவ இன்சூரன்ஸ்ல வருஷத்துக்கு 1 லட்சம் வரை உண்டு, தெரபி செலவுக்கும் அதுல பங்கு இருக்கு. ஆறு மாசத்துல குணமாக்குதோம்னு யாராவது காசு கேட்டா எழுந்து வந்துருங்க, ஸ்டெம் செல் ஊசின்னு சொன்னா வாசலையே மிதிக்காதீங்க.

கொடைக்கு தாராளமா கூட்டிட்டுப் போங்க. மேளம் தொடங்குறதுக்கு முந்தி, காலையில கூட்டம் குறைவா இருக்கும்போது. முந்தின நாளே கோயில் படம், அடுத்து வீட்டுப் படம்னு ரெண்டையும் அட்டையில வச்சுக் காட்டுங்க, ஹெட்போனைப் பையில போட்டுக்கிடுங்க, அவன் காதுல கை வச்ச உடனே ஒரு வார்த்தை பேசாம வீட்டுப் படத்தைக் கையில கொடுத்து கிளம்பிருங்க, அது பத்து நிமிஷத்துல வந்தாலும் சரி.