நவீன நடன அமைப்பாளர் வேலை பற்றிக் கேட்டவர்களுக்கு

கேள்வி: பதினைந்து வருடமாக ஆடுகிறேன். இனி நானே நடனம் அமைக்க ஆசை. எங்கே தொடங்க?

பதில்: நாளைக்கே தொடங்குங்கள். இரண்டு பேர், மூன்று நிமிடம், இசை வேண்டாம். இசை போட்டால் அசைவு எங்கே தொய்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். முடித்ததும் யாரையாவது உட்காரவைத்துக் காட்டுங்கள். "நல்லா இருக்கா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அதனால் "என்ன பார்த்தீங்க" என்று கேளுங்கள்.

கேள்வி: முதல் மேடையிலேயே பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். 1957-இல் அமெரிக்க நடன அமைப்பாளர் பால் டெய்லர் பெரும்பாலும் நிற்பதும் சின்னச் சின்ன அன்றாட அசைவுகளுமாக ஒரு நிகழ்ச்சி நடத்தினார். அதற்கு நடன விமர்சகர் லூயி ஹார்ஸ்ட் எழுதிய விமர்சனம் வெறும் வெற்றிடம், அடியில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் மட்டும். டெய்லர் 2018-இல் இறக்கும்வரை நடனக் குழு நடத்தினார். ஆனால் எழுந்து போனவர்கள் எந்த நிமிடத்தில் போனார்கள் என்று கட்டாயம் யோசியுங்கள், அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது.

கேள்வி: முழங்கால் போய்விட்டது. ஆடிக் காட்ட முடியாமல் அமைக்க முடியுமா?

பதில்: தாராளமாக. அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் எழுபது வயதை ஒட்டி, மூட்டு வலியோடு, கணினித் திரையில் உருவங்களை அசைத்துப் பார்த்து நடனம் அமைத்தார். ஜெர்மன் நடன அமைப்பாளர் பீனா பவுஷ் வழி வேறு: ஆடுபவர்களிடம் கேள்வி கேட்பார், அவர்கள் அசைவாகவும் பேச்சாகவும் தரும் பதில்களிலிருந்து தேர்ந்து கோப்பார். அந்த வழியில் போனால் ஒன்று செய்யுங்கள், அசைவு யாரிடமிருந்து வந்ததோ அவர்கள் பெயரை நிகழ்ச்சித் தாளில் போடுங்கள். இதில் நிறைய பேர் தவறுகிறார்கள், எனக்கு அது கோபம் தரும் விஷயம்.

கேள்வி: இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

பதில்: நடனம் அமைப்பதை மட்டும் வைத்து என்றால் சிலரால்தான். மற்றவர்கள் கூடவே வகுப்பு எடுக்கிறோம். எனக்கு ஒரு நிமிட நடனத்துக்கு ஐந்தாறு மணி நேர ஒத்திகை பிடிக்கும், அதனால் யாராவது ஒரு தொகை சொன்னால் அதை ஒத்திகை மணிகளால் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பேன். ஆடுபவர்களின் ஒத்திகைச் சம்பளம் தனியா, உங்கள் தொகைக்குள்ளேயா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் அமைத்த நடனம் எனக்குத்தானே சொந்தம்?

பதில்: ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். அமெரிக்க நவீன நடன முன்னோடி மார்த்தா கிரஹாம் 1991-இல் இறந்தபின் பெரிய வழக்கே நடந்தது. அவருடைய பெரும்பாலான படைப்புகள் உயிலில் வாரிசாக இருந்தவருக்குச் சேராது, அவரே தொடங்கி ஊழியராக இருந்த அமைப்புக்குத்தான் சொந்தம் என்று 2004-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வளவு பெரிய கலைஞருக்கே அந்த நிலை. அப்புறம், ஒவ்வொரு படைப்பையும் மேடை முழுக்கத் தெரிகிற மாதிரி அசையாத ஒரே கேமராவில் கடைசி ஒத்திகையின்போது பதிவு செய்து, தேதி போட்டு வையுங்கள்.