நண்பரோடு வரலாற்றுப் போர் போர்டு கேம் ஆட எங்கே தொடங்குவது? நம்ம ஊர்ப் போரையே கேமாகச் செய்ய முடியுமா?

தர்மபுரியில் இருக்கிறீர்கள், நண்பர் கிருஷ்ணகிரி. இருவருக்கும் செஸ்ஸும் ஆடு புலி ஆட்டமும் தெரியும். வெளிநாட்டு செட் வாங்கும் அளவுக்குக் காசில்லை, திப்பு காலத்துப் பாராமகால் (நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பழைய பெயர்) சண்டையை வைத்தே ஆட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் அதற்கு முன்னால், பலரும் ஆடிச் சரிபார்த்த சின்ன கேம் ஒன்றை நாலைந்து தடவை ஆடிவிடுங்கள். விதி எங்கே இடறும் என்று தெரியாமல் சொந்தமாகச் செய்தால் பாதியில் கசந்துவிடும்.

என் சிபாரிசு 'பேட்டில் ஃபார் மாஸ்கோ'. ஃபிராங்க் சாட்விக் வடிவமைத்து 1986-ல் வந்தது. இப்போது இணையத்தில் இலவசமாக இறக்கிப் பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம். 1941 கடைசியில் ஜெர்மன் படை மாஸ்கோவை நோக்கி வந்ததுதான் கதை. மொத்தம் 7 சுற்று. ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிக்கு ஒரு வேலை, 15 ஆட்டுக்கு வேறு வேலை இல்லையா? இதிலும் அப்படித்தான். ஜெர்மனிக்கு நேரம் போதாது. சோவியத் இடத்தை விட்டுக்கொடுத்து ஆளைக் காப்பாற்ற வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் கொடுக்கும்போது 100 சதவீத அளவில் எடுக்கச் சொல்லுங்கள். தாளுக்கு ஏற்றபடி சுருக்கினால் வரைபடமும் காய்த் தாளும் வெவ்வேறு அளவில் வரும், காய் கட்டத்துக்குள் உட்காராது. இந்தக் கேம்களின் கோப்புகள் பெரும்பாலும் அமெரிக்கத் தாள் அளவில் இருக்கும். அது 216 மி.மீ அகலம், நம்ம ஏ4 210 தான். ஓரம் வெட்டுப்படாமல் இருக்க ஏ3 தாளில் எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள்.

காய்களுக்கு நோட்டு பைண்டிங் செய்கிற அட்டை, 1.5 மி.மீ கனம் போதும். தண்ணீர்ப் பசை வேண்டாம், அட்டை வளைந்துவிடும். குச்சிப் பசையை ஓரம்வரை தடவி, ராத்திரி முழுக்கக் கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். காயின் பின்பக்கம் அடிவாங்கிப் பலம் குறைந்த நிலை, அதனால் இரண்டு பக்கமும் பொருந்தியாக வேண்டும். முன்பக்கத்தை ஒட்டியதும் நான்கு மூலைக் குறிகளிலும் குண்டூசியால் குத்துங்கள். பின்தாளை அந்த ஓட்டைகளுக்கு நேராக வைத்து ஒட்டுங்கள். வெட்டும்போது ஸ்டீல் ஸ்கேலைப் பிடித்து மூன்று நான்கு தடவை லேசாக இழுங்கள். ஒரே அழுத்தாக அழுத்தினால் மூலையில் காகிதம் பிய்ந்து வரும். முதலில் நீளவாட்டில் எல்லாப் பட்டைகளையும் வெட்டி முடித்துவிட்டு, அப்புறம்தான் குறுக்கே. கடைசியில் நகவெட்டியால் நான்கு மூலைகளையும் ஒரு துளி நறுக்கிவிடுங்கள். மூலை பிசிறாது, காய்களை அடுக்கி எடுக்கவும் சுலபம்.

நம்ம பக்கத்து ஏப்ரல், மே வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு ஆட முடியாது. வரைபடத்தின் மேல் 2 மி.மீ தெளிவான அக்ரிலிக் ஷீட் போட்டால் காற்றில் தாள் தூக்காது. கரன்ட் போனாலும், யாராவது மேசையை இடித்தாலும் ஆட்டம் கெடாமல் இருக்க, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நேர்மேலே இருந்து மொபைலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

புதியவர்கள் எல்லோரும் தடுமாறுவது வரிசையில். செஸ்போல நகர்ந்துதான் அடிப்பது என்று நினைத்து, எல்லாக் காயையும் நகர்த்திவிட்டு அடிப்பார்கள். இந்தக் கேமில் ஜெர்மன் முறைக்கு வரிசையே வேறு: மாற்றுப்படை (இழந்த பலத்தைத் திரும்பச் சேர்ப்பது), பிறகு பான்சர் டாங்கிப் படைகள் மட்டும் நகர்வு, பிறகு சண்டை, அதற்கப்புறம்தான் எல்லாப் படைகளும் நகர்வு. அதாவது காலாட்படை இன்றைக்கு அடிக்க வேண்டுமானால் போன சுற்றிலேயே எதிரிக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் பாதிக் கேம் கைக்கு வந்த மாதிரி. அடுத்தது விகிதக் கணக்கு. அடிப்பவர் பலத்தைத் தடுப்பவர் பலத்தால் வகுத்து, மீதியை விட்டுவிட வேண்டும். 14-க்கு 5 என்றால் 2-க்கு 1 தான். இன்னும் ஒரே ஒரு பலம் சேர்ந்தால் 3-க்கு 1. பகடையைத் தொடும் முன் இந்தக் கணக்கை இருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பகடை கையை விட்டுப் போகும்வரை நகர்வை மாற்றலாம், போன பிறகு கிடையாது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்ம ஊர். 1767-ல் முதல் மைசூர்ப் போர் தொடங்கியதிலிருந்து, 1792 உடன்படிக்கையில் பாராமகால் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போகும்வரை இங்கே சண்டைக்குப் பஞ்சமில்லை. நீங்கள் 1791 ஜூலை முதல் நவம்பர் வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டம் ஒன்றுக்கு 8 கி.மீ. வரைபடத்தில் நேர்கோட்டில் அளந்துகொள்ளுங்கள், நெடுஞ்சாலை தூரம் வேண்டாம். ஓசூர், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தர்மபுரி, பென்னாகரம் போதும். தெற்கே தொப்பூர் கணவாயை மலைகளுக்கு நடுவே ஒற்றைக் கட்டமாக வரையுங்கள். 1790 நவம்பரில் திப்பு ஆங்கிலேயர் கைக்குச் சிக்காமல் நழுவிப் போனது அந்த வழியாகத்தான். கணவாயில் ஒரு நேரத்தில் ஒரு காய்தான் நிற்கலாம் என்று விதி போடுங்கள்.

உயிர்நாடி கோட்டை விதிதான், இதை அவசரப்பட்டு எழுதாதீர்கள். 1791 ஜூலையில் ராயக்கோட்டையின் கீழ்க்கோட்டை கம்பெனிப் படையால் தாக்கிப் பிடிக்கப்பட்டது, பிறகு மேல்கோட்டை சரணடைந்தது. நவம்பரில் கிருஷ்ணகிரியில் கம்பெனித் தளபதி மேக்ஸ்வெல் கீழே பிடித்துவிட்டார். ஓடியவர்களைத் துரத்தி மேலே ஏறப் பார்த்தபோது மேல்கோட்டையில் இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள், திரும்ப வேண்டியதாயிற்று. ஒரே கட்டமாக 'கோட்டை பலம் 6' என்று போட்டால் இந்த வித்தியாசம் செத்துப்போகும். ஒவ்வொரு கோட்டைக்கும் கீழ், மேல் என்று இரண்டு பெட்டி வரையுங்கள். கீழே சாதாரண விகிதச் சண்டை. அது விழுந்த அதே சுற்றில் மேலே துரத்தினால் ஒரு பகடை: 6 விழுந்தால் உள்ளே, இல்லையென்றால் துரத்திய காயைப் பின்பக்கமாகப் புரட்டிவிடுங்கள். துரத்தாமல் காத்திருந்தால் அடுத்த சுற்றில் சரணடைவுப் பகடை. ராயக்கோட்டைக்கு 4 அல்லது அதற்கு மேல், கிருஷ்ணகிரிக்கு 6 தேவை. பெரிய படை பக்கத்துக் கட்டத்தில் நின்றால் 1 கூட்டிக்கொள்ளலாம். ராயக்கோட்டை ஆறில் மூன்று வாய்ப்பிலிருந்து நான்காகும், கிருஷ்ணகிரி ஒன்றிலிருந்து இரண்டாகும்.

மாட்டை மறந்துவிடாதீர்கள். 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே இழுக்க மாடில்லாமல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் தன் பெரும் பீரங்கிகளையே அழித்துவிட்டுத் திரும்பினார். கம்பெனிக்கு 2 பீரங்கிக் காய், 3 மாட்டுக் காய் கொடுங்கள். மாடு கூட இருந்தால்தான் பீரங்கி நகரும். மைசூர்க் குதிரைப்படை மாட்டின் பக்கத்துக் கட்டத்துக்கு வந்தால், 5 அல்லது 6 விழும்போது மாடு போச்சு. மைசூர் பக்கம் ஆடுபவருக்கு அப்போதுதான் கோட்டைக்குள் உட்கார்ந்திருப்பதைத் தவிர ஒரு வேலை கிடைக்கும்.

இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை பக்கம் மாறுங்கள். நாலு ஆட்டமும் ஒரே பக்கம் ஜெயித்தால் மாட்டுக் காய் எண்ணிக்கையை மட்டும் ஒன்று கூட்டியோ குறைத்தோ பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு விதியை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.