ராஜாக்களின் கணக்கு ஏன் உதைக்கிறது?

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் வேதபாட வகுப்பு நடத்துகிறேன். இந்த ஆண்டு வேதத்தின் 1, 2 இராஜாக்கள் புஸ்தகங்கள். யூதா, இஸ்ரவேல் ராஜாக்களை ஆட்சி வருஷங்களோடு இரண்டு பத்தியாக எழுதிக் கூட்டிப் பார்த்தேன். இஸ்ரவேல் படைத்தலைவன் யெகூவின் கலகத்தில் இரண்டு ராஜ்யத்து ராஜாக்களும் ஒன்றாகச் சாகிறார்கள். சாலொமோனுக்குப் பிறகு ராஜ்யம் யூதா, இஸ்ரவேல் என்று பிரிந்ததும் ஒரே சமயத்தில்தான். அப்படியென்றால் இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றாக வரவேண்டுமல்லவா? யூதாவுக்கு 95 வருகிறது, இஸ்ரவேலுக்கு 98. அதற்குப் பிறகு இஸ்ரவேலின் தலைநகர் சமாரியாவின் வீழ்ச்சிவரை யூதாவுக்கு 165, இஸ்ரவேலுக்கு 143 வருஷம் 7 மாதம். “இதெல்லாம் பின்னால் உட்கார்ந்து எழுதிய கதைதானே?” என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதற்கு எந்த வருஷங்களை நம்பி எழுதலாம் என்றும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கூட்டலில் பிழை இல்லை. கூட்டியதுதான் பிழை. இராஜாக்களின் புஸ்தகம் ஒவ்வொரு ராஜாவுக்கும் இரண்டு எண்களைத் தருகிறது: எத்தனை வருஷம் ஆண்டான் என்பது ஒன்று, பக்கத்து ராஜ்யத்து ராஜாவின் எத்தனையாவது வருஷத்தில் பட்டத்துக்கு வந்தான் என்பது இன்னொன்று. நீங்கள் முதல் எண்ணை மட்டும் எடுத்துக் கூட்டியிருக்கிறீர்கள். விடை இரண்டாவது எண்ணில் இருக்கிறது.

1 இராஜாக்கள் 15-ஐத் திறந்துகொள்ளுங்கள். நாதாப் ஆசாவின் 2-ம் வருஷத்தில் ராஜாவாகி இரண்டு வருஷம் ஆண்டான் என்கிறது 25-ம் வசனம். ஆசாவின் 3-ம் வருஷத்தில் பாஷா அவனைக் கொன்றான் என்கிறது 28-ம் வசனம். இரண்டிலிருந்து மூன்று, அதற்கு “இரண்டு வருஷம்”. அடுத்த அதிகாரத்தில் ஏலாவும் அப்படியே: ஆசாவின் 26-ல் வந்தான், இரண்டு வருஷம் ஆண்டான், 27-ல் சிம்ரி அவனை வெட்டினான். அவன் ஆண்டது சில மாதங்களாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த மாதங்களுக்கு நடுவே புதுவருஷம் பிறந்துவிட்டது. இரண்டு வருஷங்களை அவன் தொட்டுவிட்டான், ஆகவே இரண்டு.

நம் வீடுகளில் பிள்ளையின் வயதைக் கேட்டால் “ஆறு முடிந்து ஏழு நடக்கிறது” என்பார்கள். ஒருவர் அதை ஆறு என்று எழுதுவார், இன்னொருவர் ஏழு என்று எழுதுவார். இஸ்ரவேலின் எழுத்தர்கள் நடப்பு வருஷத்தை எண்ணினார்கள். பழைய ராஜா செத்த வருஷத்தின் மிச்சமும் புது ராஜாவுக்கு முதல் வருஷம்தான். அந்த வருஷம் செத்தவன் கணக்கிலும் ஏறுகிறது, வந்தவன் கணக்கிலும் ஏறுகிறது. யூதாவில் அந்த மிச்ச மாதங்களைப் பட்டமேறிய காலம் என்று தள்ளிவிட்டு, அடுத்த புதுவருஷத்திலிருந்து ஒன்று என்று தொடங்கினார்கள். 1940களில் எட்வின் தீலே என்ற அமெரிக்க வேத அறிஞர் இந்த முறையை முழு அட்டவணைக்கும் பொருத்திக் காட்டினார். அவருடைய எல்லா முடிவுகளையும் இன்று எல்லாரும் ஏற்பதில்லை. இந்த அடிப்படையைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

இப்போது உங்கள் 98-ஐ எடுங்கள். யெரொபெயாம் 22, நாதாப் 2, பாஷா 24, ஏலா 2, உம்ரி 12, ஆகாப் 22, அகசியா 2, யோராம் 12. சிம்ரியின் ஏழு நாளை விட்டுவிடுங்கள். எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு வருஷம் கழித்தால் 90. யூதாவின் 95-ம் இந்தப் பக்கம்தான் வந்து சேரும், ஆனால் வேறு வழியாக. 2 இராஜாக்கள் 8:16, யோசபாத் ராஜாவாக இருக்கும்போதே அவன் மகன் யோராமும் ராஜாவானதாகச் சொல்கிறது. அப்பாவும் மகனும் சேர்ந்து ஆண்ட வருஷங்களை நீங்கள் இருவர் கணக்கிலும் எழுதியிருக்கிறீர்கள்.

இந்த யூதாவின் யோராமிலிருந்து யூதாவின் முறையே சில காலம் மாறியது போலத் தெரிகிறது. யோராமின் மனைவி ஆகாபின் மகள். மருமகளோடு வடக்கின் வழக்கமும் அரண்மனைக்குள் வந்தது என்பது ஊகம்தான். ஆனால் தடயம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. யூதாவின் அகசியா, இஸ்ரவேலின் யோராமுக்கு 12-ம் வருஷத்தில் ராஜாவானான் என்கிறது 2 இராஜாக்கள் 8:25. அடுத்த அதிகாரம் 29-ம் வசனம் 11-ம் வருஷம் என்கிறது. ஒரே ராஜா, ஒரே பட்டமேற்பு. ஒரு முறையில் 12, மறுமுறையில் 11. உங்கள் மாணவருக்கு முதலில் இந்த இரண்டு வசனங்களைக் காட்டுங்கள். உட்கார்ந்து கதை கட்டுகிறவன் ஒரு பக்க இடைவெளியில் இப்படி விட்டுவைக்க மாட்டான், 12 என்று சரிசெய்துவிட்டுப் போவான். இது இரண்டு ஏடுகளைப் பார்த்து எழுதியவன் கை. எந்த ஏடுகள் என்றும் அவனே சொல்கிறான், இஸ்ரவேல் ராஜாக்களின் நாளாகமப் புஸ்தகம், யூதா ராஜாக்களின் நாளாகமப் புஸ்தகம் என்று. வேதத்தில் உள்ள 1, 2 நாளாகமம் அல்ல அவை. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் விழுந்துவிட்டதால் வகுப்பில் குழப்பம் வரும். அந்த ஏடுகள் தொலைந்து போயின.

உம்ரியை அட்டவணையில் ஏற்றும்போது எல்லாரும் ஒரு இடத்தில் இடறுவார்கள். ஆசாவின் 31-ல் ராஜாவாகிப் பன்னிரண்டு வருஷம் ஆண்டான் என்று 1 இராஜாக்கள் 16:23. ஆகாப் ஆசாவின் 38-ல் வந்தான் என்று 16:29. முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டுக்குள் பன்னிரண்டு எப்படி அடங்கும்? இரண்டு வசனம் மேலே போங்கள். சிம்ரி செத்தபின் ஜனம் இரண்டாகப் பிரிந்து பாதிப்பேர் திப்னி பக்கமும் பாதிப்பேர் உம்ரி பக்கமும் நின்றார்கள். உம்ரிக்கு வருஷம் எண்ணத் தொடங்கியது சிம்ரி செத்த ஆசாவின் 27-ல். திப்னி ஒழிந்து அவன் ஒரே ராஜாவானது 31-ல். இருபத்தேழு முதல் முப்பத்தெட்டு வரை இரண்டு முனையையும் சேர்த்து எண்ணினால் சரியாகப் பன்னிரண்டு.

இதுவரை பார்த்தது உள்கணக்கு. உள்ளுக்குள் இசைவதால் மட்டும் கி.மு. வருஷம் கிடைக்காது. அதற்கு அசீரியாவுக்குப் போகவேண்டும்.

அசீரியர்கள் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு அதிகாரியின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர்ப் பட்டியல்கள் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன. குசானா ஆளுநர் பூர்-சகாலேயின் வருஷத்தில் சூரிய கிரகணம் என்று ஒரு குறிப்பு. வானவியல் கணக்குப்படி அது கி.மு. 763 ஜூன் 15. அந்த ஒரு ஆணியில் பட்டியல் முழுவதையும் மாட்டிவிடலாம். அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாரின் 6-ம் ஆட்சியாண்டு 853 என்று வருகிறது. அந்த வருஷம் கர்க்கார் என்ற ஊரில் தன்னை எதிர்த்து நின்ற கூட்டணியில் இஸ்ரவேலின் ஆகாப் 2,000 ரதங்களோடும் 10,000 காலாட்களோடும் இருந்தான் என்று அவனுடைய கல்வெட்டு சொல்கிறது. (ரதக் கணக்கு மிகை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.) அதே சல்மனாசாரின் 18-ம் ஆண்டு, அதாவது 841-ல், யெகூ கப்பம் கட்டுகிறான். நிம்ருதில் கிடைத்த கறுப்புத் தூணில் அந்தக் காட்சி செதுக்கியிருக்கிறது. மண்டியிட்டுக் குனிந்திருப்பவனுக்கு மேலே “உம்ரியின் மகன் யெகூ” என்று எழுத்து. உம்ரி வம்சத்தையே வெட்டிச் சாய்த்தவனுக்கு இந்தப் பெயர்! அசீரியர்களுக்கு அந்த நாடே உம்ரியின் வீடுதான். கர்க்கார் போர், யெகூவின் கப்பம் இரண்டையும் பற்றி இராஜாக்களின் புஸ்தகம் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

ஆகாப் உயிரோடிருந்த 853-க்கும் யெகூ ராஜாவாக இருந்த 841-க்கும் இடையே 12 வருஷம். அந்த இடைவெளியில் வேதம் வைப்பது யார்? அகசியா 2, யோராம் 12. கூட்டினால் 14, இடமில்லை. இஸ்ரவேல் முறைப்படி ஆளுக்கு ஒன்று கழித்தால் 1-ம் 11-ம், மொத்தம் 12. கச்சிதமாக உட்காருகிறது. கர்க்கார் முடிந்த அதே வருஷத்தில் ஆகாப் ராமோத் என்ற ஊரில் நடந்த போரில் சாகவேண்டியிருக்கிறது என்பது மட்டும் கொஞ்சம் நெருக்கடி. 841-லிருந்து மேலே 90 எண்ணினால் ராஜ்யம் பிரிந்தது 931, அல்லது புதுவருஷம் எந்த மாதத்தில் பிறந்தது என்பதைப் பொறுத்து 930.

இந்த முறை யெகூவுக்குப் பிறகும் இப்படியே கைகொடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 841-லிருந்து சமாரியா விழுந்த 722 வரை அசீரியக் கணக்கில் ஏறக்குறைய 120 வருஷம். யூதாவுக்கு உங்கள் கணக்கு 165. நாற்பத்தைந்து வருஷம் மிகுதி. ஆளுக்கு ஒன்று கழித்தால் இது தீராது. ஒரு பகுதிக்கு வசனமே சாட்சி: உசியா (அசரியா என்றும் அவனுக்குப் பெயர், தனி ஆளாக எழுதிவிடாதீர்கள்) குஷ்டரோகியாகித் தனிவீட்டில் இருந்தபோது மகன் யோதாம் நியாயம் விசாரித்தான், 2 இராஜாக்கள் 15:5. ஆகவே 52-ம் 16-ம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. மற்ற இடங்களில் இப்படி வசனம் இல்லை. அறிஞர்கள் கூட்டாட்சியை ஊகித்து நிரப்புகிறார்கள், ஆளுக்கு ஒரு விதமாக.

இஸ்ரவேல் பக்கத்தில் கணக்கை உடைப்பவன் பெக்கா, 20 வருஷம். மெனாகேம் 738-ல் அசீரிய ராஜா மூன்றாம் திகிலாத்பிலேசருக்குக் கப்பம் கட்டியவர்கள் பட்டியலில் இருக்கிறான். (வேதத்தில் பூல் என்று வருகிறவன் இந்தத் திகிலாத்பிலேசர்தான். ஆயிரம் தாலந்து வெள்ளியை ஆளுக்கு ஐம்பது சேக்கலாக வசூலித்தான் மெனாகேம். தாலந்துக்கு 3,000 சேக்கல் என்றால் 60,000 பேரிடம் வாங்கியிருக்கவேண்டும்.) மெனாகேம் அந்த வருஷமே செத்தாலும், பெக்காகியா 2, பெக்கா 20 என்று போட்டால் 716-க்கு வந்து நிற்போம். அதற்கு ஆறு வருஷம் முன்பே சமாரியா விழுந்தாயிற்று. பெக்காவைத் தள்ளிவிட்டு ஓசெயாவை வைத்ததைத் திகிலாத்பிலேசரே எழுதிவைத்திருக்கிறான், அது 732-ஐ ஒட்டி. ஆகவே சமாரியாவில் பெக்கா ஆண்டது ஐந்து வருஷத்துக்கு மேல் இராது. மெனாகேம் காலத்திலேயே கீலேயாத்தில் போட்டி ராஜாவாக இருந்து அப்போதிருந்தே எண்ணினான் என்பது தீலே சொன்ன வழி. பெக்காகியாவைக் கொல்லும்போது அவனோடு கீலேயாத்தியர் ஐம்பது பேர் இருந்தார்கள் என்ற வசனம்தான் ஆதாரம். உம்ரி-திப்னி மாதிரி நடந்திருக்கலாம். ஆனால் அங்கே வசனம் வெளிப்படையாகச் சொல்கிறது, இங்கே நாம் சொல்லவைக்கிறோம். எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை.

யூதாவின் எசேக்கியாவிலும் முடிச்சு அவிழவில்லை. அவனுடைய 6-ம் வருஷத்தில் சமாரியா பிடிபட்டது (2 இராஜாக்கள் 18:10). அவனுடைய 14-ம் வருஷத்தில் அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வந்தான் (18:13). சனகெரிப் வந்தது 701, அதில் சந்தேகமே இல்லை. முதல் வசனப்படி எசேக்கியா பட்டமேறியது 728 வாக்கில், இரண்டாவதுபடி 715 வாக்கில். இரண்டு வசனமும் ஒரே அதிகாரத்தில் மூன்று வசன இடைவெளியில் நிற்கின்றன. ஒரு விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது: அவன் ஆண்டது மொத்தம் 29. நோயிலிருந்து எழுந்தபின் கூடுதலாகக் கிடைத்தது 15. இருபத்தொன்பதில் பதினைந்து போனால் 14. நோய் வந்த வருஷத்துக்குரிய எண், பக்கத்தில் இருந்த படையெடுப்புக் கதையின் தலையில் ஏறிவிட்டது என்பார்கள். சரியாக இருக்கலாம்.

எல்லாவற்றையும் எண்ணும் முறையில் தள்ளிவிடவும் கூடாது. சுத்தமான எழுத்துப்பிழையும் உண்டு. யூதாவின் அகசியா பட்டமேறியபோது வயது 22 என்கிறது 2 இராஜாக்கள் 8:26. எபிரெயப் பிரதியில் 2 நாளாகமம் 22:2 அதை 42 என்கிறது. அவன் அப்பா 32 வயதில் வந்து 8 வருஷம் ஆண்டு 40-ல் செத்தவன். கடைசி மகன் அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவனாக இருக்க முடியாது. ஆனால் 2 நாளாகமம் 16:1-ஐ இதோடு சேர்க்காதீர்கள். ஆசாவின் 36-ம் வருஷத்தில் பாஷா படையெடுத்தான் என்கிறது அது. பாஷாவோ ஆசாவின் 26-லேயே செத்தாயிற்று. பிழை என்றுதான் தோன்றும். ரெகொபெயாமின் 17, அபியாமின் 3, இரண்டையும் ஆசாவின் 16-ஓடு கூட்டிப்பாருங்கள், 36. ராஜ்யம் பிரிந்ததிலிருந்து எண்ணிய வருஷமாக இருக்கலாம், ஆசாவின் 16-ல் பாஷா உயிரோடுதான் இருந்தான்.

அட்டவணையைத் திருத்தும்போது பெயர்களுக்குப் பக்கத்தில் “யூ”, “இ” என்று குறித்துக்கொள்ளுங்கள். யோராம் இரண்டு, அகசியா இரண்டு, யோவாஸ் இரண்டு. இவர்கள் இடம் மாறினால் நூறு வருஷம் கலைந்துவிடும். யூதாவின் புதுவருஷம் எந்த மாதம் என்பதற்கும் ஒரு கை விளக்கு உண்டு: யோசியாவின் 18-ம் வருஷத்தில் நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைக்கிறது, தேசம் முழுக்கச் சுத்திகரிப்பு நடக்கிறது, அதே 18-ல் பஸ்காவும் ஆசரிக்கிறார்கள். பஸ்கா வருவது முதலாம் மாதம் 14-ம் தேதி. வருஷம் அந்த மாதத்தில்தான் பிறந்தது என்றால் இத்தனையும் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கவேண்டும். அதனால்தான் வருஷம் இலையுதிர்காலத்தில் பிறந்தது என்கிறார்கள்.

சுவருக்கு: 853 ஆகாப் கர்க்காரில், 841 யெகூவின் கப்பம், 738 மெனாகேமின் கப்பம், 722 சமாரியா, 701 சனகெரிப், 597 பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தது. இந்த ஆறையும் மையில் எழுதுங்கள். கடைசியதற்கு நாளே இருக்கிறது, பாபிலோனிய நாட்குறிப்பின்படி மார்ச் 16. அங்கும் யூதா ராஜா யோயாக்கீன் சிறைப்பட்ட வருஷத்தை 2 இராஜாக்கள் 24:12 நேபுகாத்நேச்சாரின் எட்டாம் வருஷம் என்கிறது, எரேமியா 52:28 ஏழாம் வருஷம் என்கிறது. காரணத்தை இப்போது உங்கள் மாணவரே சொல்லுவார். மற்ற ராஜாக்களின் வருஷங்களைப் பென்சிலில் எழுதுங்கள். ஆலயம் எரிந்ததற்கு 587 என்றும் 586 என்றும் இரண்டு கட்சி உண்டு, அதையும் பென்சிலிலேயே எழுதுங்கள்.