வேலைக்கும் போய்க்கொண்டு உடற்பயிற்சிக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள்?

கேள்விக்குக் கீழே, "ஐந்து மணிக்கு எழுந்தாலும் சமையல் முடிக்கவே நேரம் சரியாகிவிடுகிறது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அதைப் படித்ததுமே நீங்கள் பெண், வீட்டில் குறைந்தது நாலு பேர், அடுப்படியில் நீங்கள் மட்டும்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். தப்பென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பதில் எழுதியவர்களில் பாதிப் பேர், "எல்லோருக்கும் 24 மணி நேரம்தான், மனசு வைத்தால் முடியும்" என்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் காலைக் காபியை யார் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

நான் மதுரை. விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. காலை 9.30க்கு உள்ளே போனால் இரவு 9.30க்குத்தான் வெளியே. வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்காரும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். பகல் முழுக்கப் பசித்த பசிக்கு அப்போதுதான் வயிறாரச் சாப்பாடு, உடனே படுக்கை. இப்படியே வருஷக்கணக்கில் போனதில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c பரிசோதனை) 6.3 என்று வந்து நின்றது. 5.7க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். இரண்டுக்கும் நடுவில் நான். தினமும் நடங்கள், அரிசியைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். எப்போது நடப்பது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே அவ்வளவு கூட்டம்.

நேரம் தானாகக் கிடைக்காதுங்க. வீட்டில் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த பதில் இது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் காலையில் அத்தைக்கு இட்லி, பையனுக்கு தோசை, அவருக்குச் சப்பாத்தி. அது போக மதியத்துக்கு மூன்று டப்பா. லேப் பேப்பரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, "ஏங்க, இனிமே காலையில ஒரே டிபன்தான். மதியத்துக்குக் காய் நீங்க நறுக்கிக் குடுங்க" என்றேன். சரி என்று உடனே சொல்லிவிட்டார். எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. முதல் நாள் பீன்ஸ் வாங்கி வந்து நார் உரிக்காமல் ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக வெட்டி வைத்திருந்தார். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, மாட்டுக்கு நறுக்கிப் போட்ட மாதிரில்ல இருக்கு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத் திரும்ப வாங்கி நறுக்கியிருந்தால் இன்று வரை நான்தான் நறுக்கிக்கொண்டிருப்பேன். அந்தத் தடிப் பீன்ஸையே பொரியல் பண்ணி மூன்று டப்பாவிலும் வைத்தேன். இப்போது அவரைக்காய்க்கு இரண்டு பக்கமும் நார் எடுக்கிறார், வெண்டைக்காயைத் துடைத்துவிட்டு நறுக்குகிறார். அவரைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம், நல்ல மனிதர். அதுவரை யாரும் அவரைச் செய்யச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அப்படிக் கிடைத்த அரை மணி நேரத்தில்தான் நடை. தனியாக வாக்கிங் என்று கிளம்புவதில்லை. தெப்பக்குளத்திலிருந்து காமராஜர் சாலை வழியாகக் கீழவாசல் வரை கடைக்கே நடந்து போய்விடுகிறேன். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. இலவச பஸ்ஸை விட்டுவிட்டு இவள் ஏன் வெயிலில் போகிறாள் என்று தெருவில் பேச்சு வந்தது. தெப்பக்குளத்தைச் சுற்றி ஷூ போட்டு நடப்பவர்கள், யூனிஃபார்ம் சேலையும் சாப்பாட்டுப் பையுமாகப் போகிற என்னைப் பார்த்து ஒதுங்கி வழிவிடுவார்கள், ஏதோ அவசரத்தில் ஓடுகிறேன் என்று. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேகநடை போதும் என்கிறது. ஒரே தடவையில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய விதியையும் 2020இல் எடுத்துவிட்டார்கள். பத்தாயிரம் அடி என்பது 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்றவர்கள் பிரபலமாக்கியது. அதை நினைத்து மலைக்காதீர்கள். ஜிம்முக்குப் போகிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தசைக்கு வேலை கொடுப்பதும் அவசியம்தான், எனக்கு அது கடைப் படிக்கட்டில் நடந்துவிடுகிறது. ஊழியர்கள் லிஃப்டில் ஏறினால் மேனேஜர் முறைப்பார்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் ஒன்றுதான். இரவுச் சாப்பாட்டை ஏழு மணி டீ இடைவேளைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு சப்பாத்தியோ இட்லியோ, கூடவே கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் குக்கரில் வைத்தால் தனி வேலை இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் மோர். மதியம் சோறு பாதி, காய் இரண்டு பங்கு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை ஒரேயடியாக ஏறாது. பருத்திப்பாலை மட்டும் விடவில்லை, மாதத்தில் எப்போதாவது உண்டு.

"நீங்கள் கடையில் நாள் முழுக்க நிற்கிறீர்களே, அதுவே உடற்பயிற்சிதானே" என்று ஒருவர் எனக்கே எழுதினார். நான் பில் கவுண்டரில் உட்காருகிறவள். ஆனால் அதற்கு முன் சேலைப் பிரிவில் நின்றவள், அதனால் சொல்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பது உடற்பயிற்சி இல்லை. ரத்தம் காலிலேயே தங்கி நரம்பு சுருட்டிக்கொள்ளும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளாவில் 2018இலும், நம் ஊரில் 2021இலும் சட்டம் வந்தது. எங்கள் கடையிலும் ஸ்டூல் இருக்கிறது. கேமரா பார்க்கிறது என்று அதில் எந்தப் பெண்ணும் உட்கார மாட்டாள், மடித்த சேலைதான் உட்கார்ந்திருக்கும். வாடிக்கையாளர்களாகப் போகிறவர்கள், "உட்காரும்மா, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். சொல்ல வேறு இடமும் இல்லை.

அடுத்த பரிசோதனையில் 5.9 வந்தது. எல்லோருக்கும் இப்படி இறங்கும் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி வியாபாரத்திலும் ஏழு மணி இடைவேளை பறிபோகும். அந்த நாட்களில் கவுண்டருக்குக் கீழே டப்பாவை வைத்து இரண்டு பில்லுக்கு நடுவில் ஒரு வாய் சுண்டல் போட்டுக்கொள்வேன். காலை நடையை மட்டும் விடுவதில்லை.

"வயதான மாமியாரை வைத்துக்கொண்டு வீட்டில் அதிகாரம் பண்ணுகிறாள்" என்று எழுத வருகிறவர்களுக்கு: அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, அவரை நான் ஒரு வேலையும் செய்யச் சொல்லவில்லை. அவர் மகனைத்தான் சொன்னேன்.